பிள்ளையைக் கேட்டோமா?

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எம்மைப் பயிற்றிய ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும், விடுதிச் சோற்றைப் பற்றியும், மூடுபனி இறங்கிய மைதானத்திலே பந்தைத் தேடித் திரிந்த மாலைப் பொழுதுகளைப் பற்றியும் எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். அவை எழுதத் தக்கனவே. ஆயினும் அவற்றை எம்மினும் சுவையாக எழுத வல்ல பழைய மாணவர் பலர் உளர். எமக்கோ பல ஆண்டுகளாக நெஞ்சை விட்டகலாத செய்தி ஒன்று உண்டு. அஃது எமது கல்லூரியிற் பயிலாத ஒரு பெண் பிள்ளையைப் பற்றியது. அதற்கும் எமது கல்லூரிக்கும் தொடர்பு யாது என்று வினவுவோர் சற்றுப் பொறுத்து இதனைப் படிப்பார்களாக.

ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு முன்னர், ஹட்டனிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற் சென்றடையத்தக்க தோட்டப் பாடசாலையொன்றிலே நாம் தமிழும் சைவநெறியும் கற்பித்து வந்தோம். கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழைக் கையிற் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. பிள்ளைகளை அறிந்துவிட்டோமென்னும் எண்ணம் எமக்கு நிறைய இருந்த காலம் அது.

அத்தோட்டத்திலே மூன்று லயங்களைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரு பெரியவரின் வழியைப் பின்பற்றி வந்தன. அவ்வழியின் பெயரை இங்கே சொல்லவேண்டுவதில்லை. அக்குடும்பங்களில் மது இல்லை, மாமிசம் இல்லை, அடிதடி இல்லை. சம்பள நாளன்று மாலையில் தவறணைக்குப் போகும் பாதையிலே அவ்வீட்டு ஆண்கள் ஒருவரையும் காண முடியாது. அதிகாலையிலே பெரட்டுக்குப் போகுமுன் இஸ்தோப்பில் அமர்ந்து தேவாரம் ஓதிய பின்னரே வாயில் தேநீர் படும். குடியினாற் சீரழிந்த லயங்களை நேரிற் கண்டவர் எவரும் அவ்வழிபாடு அம்மக்களுக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேசமாட்டார். நாமும் பேசவில்லை. அவர்களை மெச்சினோம். எமது சைவநெறி வகுப்பிலே அவ்வீட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்காட்டாக நிறுத்தினோம்.

அவ்வழியிலே பெண் பிள்ளைகளுக்கெனத் தனி விதிகள் சில இருந்தன. சமைந்த பிள்ளை பாடசாலையையும் கோயிலையும் தவிர வேறிடம் போகலாகாது. பிறர் வீட்டிலே உண்ணலாகாது. தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகியவற்றின் பக்கமும் திரும்பலாகாது. பாடசாலையும் சாதாரண தரப் பரீட்சை வரையிலேதான். அதன் பின்னர் வீடு. அதன் பின்னர் அக்கூட்டத்துக்குள்ளேயே திருமணம். இவை எழுதி வைக்கப்பட்ட விதிகளல்ல. ஆனால் எழுதாத விதிக்கு இருக்கும் வலிமை எழுதிய விதிக்கு இல்லை என்பதை மலைநாட்டில் வாழ்வோர் நன்கறிவர்.

அவ்வீடுகளுள் ஒன்றிற் பிறந்த பிள்ளையொருத்தி எமது வகுப்பில் இருந்தாள். கணக்கிலே மிகக் கெட்டிக்காரி. தமிழிலும் குறைந்தவளல்லள், ஆயினும் செய்யுளைக்கூடக் கணக்கைப்போலவே அணுகுவாள். அசையைப் பிரிக்கச் சொன்னால் அவளுக்கு உவகை பெருகும். பொருளைச் சொல்லச் சொன்னால் தலை குனிவாள். சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்தபோது எமது பாடசாலையில் கணிதத்திலே மேலான சித்தி பெற்றவள் அவள் ஒருத்தியே. ஹட்டனிலே உயர்தரக் கணிதப் பிரிவிற் சேர்வதற்கு அவளுக்குத் தகுதி இருந்தது. தோட்டப் பாடசாலைகளுள் அப்பிரிவை நடத்துவன மிகச் சில என்பது வாசகர் அறிந்ததே.

முடிவு வந்த மறு வாரம் அவளுடைய தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையிலே குடை. விடுகைப் பத்திரம் கேட்டார்.

"புள்ள படிச்சது போதுங்க சேர். இனி வீட்டுல இருந்து சாமிக்குப் பாடட்டும். பொம்பளப் புள்ளைய ஹட்டனுக்கு அனுப்பிட்டு நாங்க எப்படிங்க நிம்மதியாத் தூங்குறது?"

வகுப்பாசிரியர் என்ற முறையில் அதிபர் எமது முகத்தை நோக்கினார். நாம், தகப்பனார் விருப்பம் அதுவானால் நாம் என்ன செய்யலாம் என்றோம். ஒழுக்கமான குடும்பம், பிள்ளைக்கு ஒரு தீங்கும் வாராது என்றும் சொன்னோம். பிள்ளை அலுவலக வாயிலிலே, நிலைக்காலைப் பற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். நாமும் அதிபரும் தகப்பனாரும் ஆகிய மூவரும் அவளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினோம். ஒருவராவது அவளிடம் ஒரு சொல் கேட்டோமில்லை. விடுகைப் பத்திரத்தை எமது கையாலேயே எழுதினோம். நடத்தை என்னும் இடத்திலே 'மிக நன்று' என்று எழுதினோம். விலகியதற்குக் காரணம் என்னும் இடத்திலே 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினோம். எழுத்து அழகாக இருந்ததென்று தகப்பனார் மெச்சிச் சென்றார்.

அடுத்த ஆண்டு மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே ஒரு நாள் விடியற்காலம். லயத்து மக்களெல்லாம் கோயிலுக்குப் போயிருந்த வேளையில், அவள் முதற் பேருந்தேறிக் கொட்டகலைப் பக்கத்திலிருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பரீட்சைச் சான்றிதழையும், விடுகைப் பத்திரத்தையும், மாற்றுடை இரண்டையும், தேவாரத் திரட்டு ஒன்றையும் எடுத்துச் சென்றாள் என்று பின்னர் அறிந்தோம். கன்னிப் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பிக்கொண்டு குளிரிலே வெளியே புறப்படுவதைப் பாடும் நூலை ஓதும் நாட்களில் அவள் புறப்பட்டாள் என்பதைத் தமிழாசிரியராகிய நாம் நினையாமலிருக்க முடியவில்லை.

தோட்டம் முழுவதும் இரண்டு கிழமை வரை ஒரே ஆராய்ச்சி. எந்தப் பையனோடு போனாள் என்பதே அவ்வாராய்ச்சி. மேற்பிரிவுப் பையன் ஒருவன் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வராமையால் அவன் மீது ஐயம் பிறந்தது. பின்னர் அவன் வந்து சேரவே வேறொருவன் மீது பிறந்தது. உண்மையில் எந்தப் பையனும் இல்லை. ஆணொருவன் இல்லாமற் பெண்ணொருத்தி தானாகவே வாயிற்படி தாண்டுவாள் என்பதை நம்புதற்கு ஒருவரும் ஆயத்தமாயிருக்கவில்லை. நாமும் ஆயத்தமாயிருக்கவில்லை என்பதை ஒளியாது சொல்லிவிடுகின்றோம்.

இதிலே எமது இலக்கியப் பழக்கமும் கலந்திருக்கின்றது போலும். பெண் வீட்டை விட்டுப் போவதற்குச் சங்க நூல்கள் உடன்போக்கு என்னும் துறையை வகுத்திருக்கின்றன. கலித்தொகையிலே மகளைத் தேடிப் பாலைவழியே செல்லும் செவிலிக்கு அந்தணர் கூறும் மறுமொழியை ஆண்டுதோறும் உருக்கத்தோடு கற்பிக்கின்றோம். பிறந்த வீட்டிற்கே மகள் உரியவளல்லள் என்று அங்கே பேசப்படும்போது வகுப்பிலே நாம் தலையசைக்கின்றோம். ஆனால் அங்கே அவள் போவது தலைவன் ஒருவனோடு. தனியே, அறிவைத் தேடிப் போகும் பெண்ணுக்கு அகத்திணையிலே துறையில்லை. காப்பியத்துக்கு வந்தாலோ மணிமேகலை இருக்கிறாள். கணிகையர் குலத்தையும் தன்னை விரும்பிய அரசகுமாரனையும் துறந்து, தன் அறத்தைத் தானே தெரிந்துகொண்டவள். சைவநெறிப் பாடநூலிலே காரைக்கால் அம்மையார் இருக்கின்றார். உலகம் அழகென்று மெச்சிய உருவத்தையே வேண்டாவென்று உதறி, உறவினர் அஞ்சி ஒதுங்கத் தன் வழியே நடந்தவர். ஆண்டாளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஊராரின் திட்டத்துக்கு அடங்காத பெண்களையே நாம் கோயிலில் வைத்து வணங்குகின்றோம். அவர்களுடைய வரலாற்றை நன்கு கற்று மேலான சித்தி பெற்ற பிள்ளை அவர்களைப்போல ஓரடி எடுத்து வைத்தால் விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கின்றோம்.

பழங்கதையைக் காட்டி இக்காலத்து வழக்கைத் தீர்க்கலாமோ என்பார் இருக்கலாம். அண்மைக் காலத்திலே நிகழ்ந்ததையே காட்டுவோம். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு தை மாதத்திலே கொழும்பில் வந்திறங்கி, கண்டி, மாத்தளை வழியாக அநுராதபுரஞ் சென்று, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே உரையாற்றி, அங்கிருந்து கடல் கடந்து சென்னை சேர்ந்தார் என்பதை இந்துக் கல்லூரி மாணாக்கர் அனைவரும் பேச்சுப் போட்டிகளிலே முழங்குவர். சென்னையில் அவர் தங்கியிருந்த மாளிகை யாதென்பது அத்துணை முழங்கப்படுவதில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கடற்கரையோரத்திலே 1842இற் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடமே அது. சுவாமிகள் தங்கிச் சென்று இருபதாண்டுகளின் பின்னர் அக்கட்டடத்திலே வேறொரு கூட்டம் குடியேறியது. இளம் பிராயத்திலேயே கைம்பெண்களாகி, மங்கல காரியங்களிலே முகங்காட்டலாகாதென்று அடுக்களை மூலையில் ஒதுக்கப்பட்ட அந்தணச் சிறுமியர் அங்கே தங்கிப் படிக்கலாயினர்.

அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரிற் பிறந்தவர். பதினொரு வயதில் மணம். சில காலத்துள்ளேயே கைம்மை. அக்காலத்து ஆசாரப்படி அச்சிறுமியின் வாழ்வு அத்துடன் முடிந்தது என்றே ஊரார் கருதினர். அவருடைய தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அவ்வாறு கருதவில்லை. மகளுக்குத் தாமே கற்பித்தார். பின்னர் எழும்பூரிலே கன்னியர் நடத்திய பாடசாலைக்கு அனுப்பினார். சுற்றத்தாரின் ஏச்சுக்கும் ஒதுக்கத்துக்கும் அவ்வீடு ஆளாயிற்று. 1911ஆம் ஆண்டிலே சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து சுப்புலட்சுமி முதல் வகுப்பிற் பட்டம் பெற்று வெளியேறினார். அடுத்த ஆண்டிலேயே தம்மைப்போன்ற இளங் கைம்பெண்கள் நால்வரைத் தம் வீட்டிற் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கினார். அந்நால்வரே பெருகி ஐஸ் ஹவுஸ் நிறைந்த கூட்டமாயினர். 1922இலே பெண்களுக்கென லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் அதிபரும் அவரே. மூலையில் ஒதுக்கப்பட்டவர்கள் ஆசிரியைகளாகித் தமிழ்நாட்டின் பாடசாலைகளுக்குச் சென்றனர்.

இவ்வரலாற்றிலே நாம் நெடுநேரம் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சுப்புலட்சுமி சமயத்தை விட்டாரல்லர். கன்னியர் பாடசாலையிலே கற்றும், அவர்களுடைய தொண்டினால் ஈர்க்கப்பட்டு அவர்களைப்போலவே சகோதரி என்னும் பெயரைப் பெற்றும், தம் வீட்டு வழிபாட்டைக் கைவிடவில்லை. கதவைத் திறந்தவர் தந்தை. ஆகவே தந்தையின் தெய்வத்தை வெறுப்பதற்கு மகளுக்குக் காரணம் இருக்கவில்லை. எமது மாணவி தேவாரத் திரட்டை எடுத்துச் சென்றதை நினைக்குந்தோறும் எமக்கு இது தோன்றும். அவள் விட்டுப் போனது எதனை? தெய்வத்தையா, அன்றித் தெய்வத்தின் பெயராற் பூட்டப்பட்ட கதவையா? இவ்விரண்டும் ஒன்றென்று அவளுக்குக் கற்பித்தவர்கள் நாமே.

ஐஸ் ஹவுஸ் விடுதிக்கும் ஒரு குறை உண்டு. அஃது அந்தணச் சிறுமியர்க்கு மட்டுமே திறந்திருந்தது. அதே 1886ஆம் ஆண்டிலே புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வரலாறு இதனை எமக்கு உணர்த்தும். அவருடைய தாயார் கோயிற் பணிக்குப் பொட்டுக்கட்டும் குலத்தைச் சேர்ந்தவர். முத்துலட்சுமி புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரியிலே ஆண் மாணாக்கர் நடுவிற் பயின்று, 1912இலே சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராகி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிப்பதற்கு மசோதாக் கொண்டுவந்தவர். அவ்வழக்கம் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருந்த 1930ஆம் ஆண்டளவிலே, பொட்டுக்கட்டும் குலத்துச் சிறுமியர் சிலர் தம் வீட்டை விட்டு வெளியேறி அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். அவர் அவர்களை விடுதிகளிற் சேர்க்க முயன்றார். அவ்வச் சாதிக்கென இருந்த விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. வேறு வழியின்றித் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். ஔவை இல்லம் தோன்றிய வரலாறு இதுவேயாம்.

கோயிலின் பெயரால் தம்மைக் கட்டிவைத்த குலத்தை விட்டு இருளிலே புறப்பட்ட அச்சிறுமியரின் துணிவை யாவரும் போற்றுவர். நாம் போற்றுவது துணிவை மட்டுமன்று. தட்டுதற்கு ஒரு கதவு இருந்ததையும், அக்கதவு திறந்ததையும். திறவாதிருந்தால் அவர்களுடைய துணிவு மறுநாட் காலையில் என்னவாயிருக்கும்? ஊரிலே அவர்களும் ஓடிப்போனவர்கள் என்ற சொல்லுக்கு ஆளாகியிருப்பர். எமது மாணவிக்குக் கொட்டகலையிலே சித்தி ஒருவர் இருந்தார். கொழுந்தெடுத்துப் பிழைக்கும் அச்சித்தி, தம் ஒற்றைக் காம்பராவிலே இன்னொரு பாயை விரித்தார். சித்தி இல்லாத பிள்ளை எங்கே போவாள்?

மேல்நாட்டு வழக்கொன்றையும் இங்கே எடுத்துரைப்பது பயன்தரும். அமெரிக்காவிலே ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். மோட்டார் வண்டியை உடைமையாக வைத்திராது குதிரை வண்டியிற் செல்வோர், பயிர்த்தொழில் செய்வோர், கடின உழைப்பும் எளிய உடையும் உடையோர். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புப் பிள்ளைகளைத் தம் வழியினின்றும் பிரித்துவிடும் என்று அவர்கள் பாடசாலையை நிறுத்திவிடுவர். விஸ்கொன்சின் மாநிலச் சட்டமோ பதினாறு வயது வரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டுமென்றது. தந்தையர் மூவருக்குத் தலைக்கு ஐந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்று, 1972ஆம் ஆண்டு தந்தையரின் பக்கமே தீர்ப்பாயிற்று. சமய சுதந்திரம் காக்கப்பட்டதென்று பலர் மகிழ்ந்தனர்.

டக்ளஸ் என்னும் நீதியரசர் மட்டும் ஒரு பகுதியிலே மாறுபட்டார். தந்தையரின் உரிமையைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். படிப்பு நிறுத்தப்படுவது பிள்ளைக்கன்றோ? பிள்ளையைக் கேட்டீர்களா? இதுவே அவர் எழுப்பிய வினாவின் சாரம். மூன்று பிள்ளைகளுள் ஒரு பெண் பிள்ளை மட்டுமே மன்றிலே சாட்சி கூறியிருந்தாள். அவள் தன் சொந்த நம்பிக்கையினாலேயே பாடசாலை செல்லவில்லை என்றாள். ஆகவே அவளளவில் டக்ளஸ் மற்ற நீதியரசரோடு ஒத்துப்போனார். கேட்கப்படாத மற்றை இருவர் விடயத்திலேயே அவர் மாறுபட்டார். அவர் பிள்ளையைச் சமயத்தினின்றும் பிரிக்க வேண்டுமென்று சொல்லவில்லை என்பதை வாசகர் கருத்திற் கொள்வாராக. பிள்ளை இருக்கிறேன் என்றால் இருக்கட்டும். ஆனால் அச்சொல் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும் என்பதே அவரது கருத்து.

இத்தனைக்கும் அதே ஆமிஷ் மக்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வதில்லை. வளர்ந்தபின் தானே விரும்பிக் கேட்டாற்றான் செய்வர். பதினாறு வயதளவிலே இளைஞர்க்குச் சிறிது காலம் கட்டுத் தளர்த்தி விடுவர். உலகைப் பார்த்துவிட்டு வா என்பதுபோல. பெரும்பான்மையோர் திரும்பி வந்து சேர்ந்துகொள்கின்றனர். எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு வெளியுலகிலே வேறென்ன வாழ்வு இருக்கின்றது என்று கேட்பவரும் உண்டு, அக்கேள்வி நியாயமானதே. எனினும் கேட்க வேண்டும் என்னும் எண்ணமாவது அவர்களிடம் இருக்கின்றது. எமது தோட்டத்து வழியிலே அதுவுமில்லை.

எமது மலைநாட்டிலே பிள்ளைப் பருவத்தை எங்கே முடிப்பது என்பதைப் பிறரே தீர்மானித்து வந்திருக்கின்றனர். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை தாய்மொழிக் கல்வி கொடுக்கத் தோட்டத் துரைமாரைக் கடமைப்படுத்தியது. பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடை. அன்று அது துரையின் கணக்கு. 2016இலே கட்டாயக் கல்வியின் எல்லை பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. பதினாறு வயதும் ஒரு நாளும் ஆன பிள்ளையைப் பற்றிச் சட்டம் வாய் திறவாது. அவ்விடத்திலேதான் ஆசிரியரின் வாய் திறக்க வேண்டும்.

பெற்றோரின் அச்சம் வெறும் அச்சமன்று என்பதை நாம் மறக்கவில்லை. மாலை ஆறு மணிப் பேருந்துக்குப் பின்னர் மலைப்பாதையிலே தனியே நடக்கும் பிள்ளைக்கு என்ன நேரும் என்று எண்ணித் தாய்மார் வாசலில் நிற்பதை நாள்தோறும் காண்கின்றோம். வீட்டை விட்டுப் போனவர்கள் எல்லாரும் நன்றாயிருக்கின்றனர் என்று சொல்லவும் மாட்டோம். ஆனால் இவ்வச்சத்திலே ஒரு முரண்பாடு இருக்கின்றது. ஹட்டனுக்குப் படிக்க அனுப்ப அஞ்சும் அதே தோட்டங்களிலிருந்து, எத்தனை பெண் பிள்ளைகள் தரகர் ஒருவரின் சொல்லை நம்பிக் கொழும்பிலே முகமறியாத வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர்! 2021 ஜூலை மாதத்திலே டயகமச் சிறுமி ஒருத்தி கொழும்பிலே தான் வேலை செய்த வீட்டிற் பட்ட தீக்காயங்களால் இறந்தபோது நாடே அதிர்ந்தது. தோட்டங்கள்தோறும் மக்கள் தெருவில் இறங்கினர். அப்போதும் எமது நெஞ்சிலே எழுந்த கேள்வி பழைய கேள்வியே. பாத்திரம் கழுவப் போகும் பிள்ளையைப் பற்றி வராத அச்சம், புத்தகப்பையோடு போகும் பிள்ளையைப் பற்றி மட்டும் ஏன் வருகின்றது? உழைத்துத் திரும்பும் பிள்ளை பணத்தோடு வருவாள். படித்துத் திரும்பும் பிள்ளை கேள்வியோடு வருவாள் என்பதனாலா? எமது மாணவியின் தகப்பனாரை இப்பழி சாராது. அவர் பசித்தாலும் மகளை வேலைக்கு அனுப்புபவரல்லர். அவர் அஞ்சியது கேள்விக்கே.

ஹட்டனுக்கு இத்தகைய பெண்கள் புதியவர்களுமல்லர். 1931இலே ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், கூட்டங்களிலே ஆயிரக்கணக்கான தொழிலாளர் முன்னின்று பாட்டுப் பாடினார். தோட்டத்துத் துன்பங்களைத் தாமே பாட்டாக எழுதி 1940இல் அச்சிட்டும் வெளியிட்டார். ஐயர் வீட்டுப் பெண் மேடையேறிப் பாடுவதா என்று முகஞ்சுளித்தவர் அன்றும் இருந்திருப்பர். இன்று ஆய்வரங்குகளில் அவர் பெயரைப் பெருமையோடு சொல்லுகின்றோம். இறந்துபோன பெண்களின் துணிவைப் போற்றுவதிலே எமக்கு இணை எவருமில்லை.

இனி, எமது கல்லூரிக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். யூபிலி நிதியிலிருந்து வாயிலிலே நினைவு வளைவு ஒன்று எழுப்புவதெனப் பழைய மாணவர் சங்கக் கூட்டத்திலே பேசப்பட்டதாகக் கேள்விப்படுகின்றோம். வளைவு அழகானதே, அதன் கீழே நின்று படம் பிடித்துக்கொள்ள எமக்கும் ஆசையுண்டு. ஆயினும் உயர்தரம் படிக்க ஹட்டனுக்கு வரும் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் தங்குவதற்குப் பன்னிரண்டு கட்டில்கள் உள்ள விடுதியொன்றை அமைப்பதற்கு அந்நிதி முதற் கல்லாகுமாயின், வளைவு சில ஆண்டுகள் காத்திருப்பதிலே இழுக்கில்லை. அதிலே பூசை அறை இருக்கட்டும். பெற்றோர் கேட்கும் முதற் கேள்வியே அதுவாயிருக்கும். சைவ உணவு இருக்கட்டும். பொறுப்புள்ள அம்மையார் ஒருவர் இருக்கட்டும். சாதியோ தோட்டப் பிரிவோ கேட்கும் வழக்கம் மட்டும் வேண்டா. அவ்வழக்கத்தால் எத்தகைய கதவுகள் மூடப்பட்டன என்பதை மேலே கண்டோம். பெற்றோர் சம்மதத்தோடு வரும் பிள்ளைக்கே இது முதலிற் பயன்படும். சம்மதம் மறுக்கும் பெற்றோரும், இருக்க ஓரிடம் உண்டென்று காணும்போது பாதி இணங்குவர் என்பது எமது அனுபவம்.

ஆசிரிய நண்பர்களுக்கு வேண்டுகோள் ஒன்று. இதற்குப் பணம் வேண்டா. விடுகைப் பத்திரம் எழுதுமுன் பிள்ளையைத் தனியே அழைத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள். தகப்பனார் வாயிலிலே நிற்கும்போது கேட்டாற் பதில் வாராது. முதல் முறையிலும் வாராது. இரண்டாம் முறையும் கேளுங்கள். வீட்டிலிருந்து சாமிக்குப் பாடவே விருப்பம் என்று சொல்லும் பிள்ளையும் இருப்பாள். அவளை வலிந்து இழுத்து வரவும் நமக்கு உரிமையில்லை. அந்நாளின் பின்னர் நாம் எழுதிய விடுகைப் பத்திரங்கள் பல. 'பெற்றோர் விருப்பம்' என்னும் இரு சொற்களைப் பிள்ளையைக் கேளாது எழுதியதில்லை.

எமது மாணவி சித்தி வீட்டிலிருந்து உயர்தரம் படித்தாள். முதன்முறை ஒரு பாடத்திலே தவறினாள், மறுமுறை தேறினாள். பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலே பயின்று, இப்பொழுது மலைநாட்டின் வேறொரு மூலையிலே கணித ஆசிரியையாக இருக்கின்றாள். எமக்கு எழுதுவாள். நாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு மட்டும் அவள் விடை எழுதவில்லை. அடுத்த கடிதத்திலே மழையைப் பற்றி எழுதினாள். இன்றும் திருநீறு அணிகிறாளா என்று நாம் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு முன்னர் ஹட்டன் பேருந்து நிலையத்திலே அவளுடைய தகப்பனாரைக் கண்டோம். தலை நரைத்திருந்தது. அதே குடை. கொழுந்து விலையைப் பற்றியும், சம்பளத்தைப் பற்றியும், கோயிற் கூரையிலே தகரம் மாற்றியதைப் பற்றியும் பேசினோம். பேருந்து வருமுன் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"கணக்குத்தானுங்களே சேர் படிச்சுக் குடுக்குது?"

ஆம் என்றோம்.

"சம்பளம் ஒழுங்கா வருதுங்களா?"

வருகின்றது என்றோம். பேருந்து வந்து நின்றது. அவர் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றையும் பேனாவையும் எடுத்து எம்மிடம் நீட்டி, அது இருக்கும் இடத்தை எழுதித் தருமாறு கேட்டார்.

பேனாவை வாங்கினோம். பின்னர் அதனை அவரிடமே திருப்பிக் கொடுத்து, பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றோம்.

அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்தார்.

"சரிங்க சேர். கேட்டுச் சொல்லுங்க" என்று கூறிப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.